காம்பவுண்டு சுவர் கட்ட அனுமதி எதற்கு?

ஊருக்கு வெளியே புதிதாக மனை வாங்கிய ஒருவர் முதலில் என்ன செய்வார்? வீட்டுக்கு அஸ்திவாரம் போட மாட்டார். அதற்குப் பணம் சேர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். கையில் மிச்சம் இருப்பதை வைத்துச் சுற்றிலும் கல் ஊன்றி முள்கம்பி இழுப்பார். கொஞ்சம் வசதி இருந்தால் ஹாலோ பிளாக் வாங்கி ஐந்தடிக்கு ஒரு சுவர் எழுப்பி, தெருப் பக்கம் ஒரு இரும்பு கேட்டும் போட்டுவிடுவார். உள்ளே வெறும் புல் முளைத்துக் கிடக்கும். ஆனால் கேட்டில் பூட்டு தொங்கும்!

இந்தச் சுவருக்கு உள்ளாட்சியில் அனுமதி கேட்டீர்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "என் இடம், என் காசு, என் சுவர். இதுக்கு எதுக்குங்க அனுமதி?" என்பார். வீடு கட்ட வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவருக்கும் வேலிக்கும் விதி உண்டு என்றால் சிரிப்பார்கள். உள்ளாட்சிக்கு உள்ளாட்சி, காலத்துக்குக் காலம் விதி மாறிக்கொண்டே இருப்பதால் அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் ஒரே பதில் கிடைப்பதில்லை. வீட்டு வரைபடத்தில் மனையைச் சுற்றி ஒரு கோடு இழுத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தக் கோடுதான் காம்பவுண்டு சுவர். அதைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

அவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், சொத்து வரி ரசீது, இஞ்சினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நாலு முறை அலைந்தவருக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலுக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அந்த அலைச்சலைப் பார்த்தால், சுவர் விஷயத்தையும் அதே ஜன்னலுக்கு அனுப்பு என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது.

ஆனால் வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீடு மனைக்கு நடுவில் நிற்கிறது. சுவர் எல்லையில் நிற்கிறது. வீட்டில் கோளாறு என்றால் முதலில் பாதிக்கப்படுவது அதற்குள் குடியிருப்பவர். சுவரில் கோளாறு என்றால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது அந்தப் பக்கம் இருப்பவர். அந்தச் சுவருக்கு அவர் காசு கொடுக்கவில்லை, அதன் வரைபடத்தைப் பார்க்கவில்லை, அது வேண்டும் என்றும் சொல்லவில்லை. அனுமதி என்ற ஒன்று இருந்தால் அது அவருக்காகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் எல்லை எது என்பதையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நில அளவைக்கு 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அந்தச் சட்டப்படி எல்லைக் கற்களைப் பாதுகாப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு. நடப்பில் என்ன? பொக்லைன் வந்து மனை சமன் செய்யும்போதே பாதிக் கற்கள் போய்விடும். மீதி, பக்கத்து வீட்டுத் திண்ணைப் படியாகக் கிடக்கும். பிறகு கட்டுக்கம்பியைப் பிடித்துக் குத்துமதிப்பாக ஒரு கோடு போட்டுச் சுவரை எழுப்புவார்கள். அரை அடி அந்தப் பக்கம் போயிருக்கும், அல்லது இந்தப் பக்கம் வந்திருக்கும். அந்த அரை அடிக்காக முன்சீப் கோர்ட்டில் பதினைந்து வருடம் வழக்கு நடத்தும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாய்தாவுக்குப் போன பஸ் செலவைக் கணக்குப் பார்த்தாலே அந்த நிலத்தை விலைக்கு வாங்கியிருக்கலாம்.

சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்தால் பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுத்து, அவரையும் நிற்கவைத்துக்கொண்டுதான் அளப்பார்கள். சுவர் கட்டும் விவகாரம் முழுவதிலும் அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டு "நீயும் வந்து பார்" என்று சொல்லும் இடம் அது ஒன்றுதான். நல்ல வழக்கம். ஆனால் அது நிலத்தின் கோட்டோடு முடிந்துவிடுகிறது. கோட்டின் மேல் எழும்பப்போகும் சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு கனம், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

இதிலேயே இன்னொரு சங்கதி உண்டு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அதன் அஸ்திவாரமும் ஒன்பது அங்குலமா? இல்லை. கீழே போகப் போக அகலமாகும், இரண்டடி அகலம்கூட வைப்பார்கள். சுவரின் வெளி முகத்தைச் சரியாக எல்லைக் கோட்டில் நிறுத்தி, அஸ்திவாரத்தை இரண்டு பக்கமும் சமமாக அகட்டினால் அதில் அரை அடிக்கு மேல் பக்கத்து மனைக்குள் போய்விடும். மண் மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்துப் பக்கத்து ஆள் தன் வீட்டுக்குப் பள்ளம் தோண்டும்போதுதான் கடப்பாரை முனையில் "டங்" என்று சத்தம் கேட்கும். அன்றைக்கு ஆரம்பிக்கும் சண்டை!

மூலை மனை என்றால் அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல, தெருவில் போகிற எல்லோரும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பொதுவாகத் தெருவை ஒட்டிய சுற்றுச்சுவர் ஒன்றரை மீட்டருக்கு மேல், அதாவது சுமார் ஐந்தடிக்கு மேல் போகக் கூடாது. மேலே 0.9 மீட்டர் கம்பி வேலைப்பாடாக, ஆரப்பாரம் தெரிகிற மாதிரி இருந்தால் 2.4 மீட்டர் வரை போகலாம். தெருமுனை மனையில் இரண்டு தெருவும் சேரும் இடத்திலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குச் சுவர் 0.75 மீட்டர்தான், இரண்டரை அடி. அதற்கு மேல் வேண்டுமானால் கம்பிதான் வைக்க வேண்டும். திருப்பத்தில் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளை எதிரே வரும் டாட்டா ஏசை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். இந்தத் தொகுப்பு ஒரு முன்மாதிரிதான், அந்தந்த மாநிலம் எடுத்து விதியாக்கினால்தான் செல்லும். ஆனால் எந்தப் புறநகருக்கும் போய் நாலு தெருமுனையைப் பார்த்தால் போதும். ஆளுயரச் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு, அதற்கு முன்னால் சாக்கடையை மூடி ரோட்டுக்கு ஏறின சாய்தளம்!

வெளிச்சமும் காற்றும் இன்னொரு வழக்கு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு 20 ஆண்டுகள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்த வெளிச்சமும் காற்றும் அந்த வீட்டின் உரிமையாகிவிடும். ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்பினால் கோர்ட்டுக்குப் போகலாம். போகலாம்தான்... சுவர் எழும்ப நாலு நாள், தீர்ப்பு வர எத்தனை வருடம்? கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கும் இடம் இருந்தால் இந்த வழக்கில் பாதி பிறந்தே இருக்காது.

இதெல்லாம் சண்டை, வழக்கு, மனக்கசப்பு. சுவர் உயரமாகும்போது விஷயம் வேறாகிவிடுகிறது.

பிளஸ் டூ பௌதிகம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். தனியாக நிற்கும் ஒரு சுவரின் மேல் காற்று அடிக்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் காற்று பிடிக்கும் பரப்பும் இரண்டு மடங்கு. அந்த விசை தரையிலிருந்து செயல்படும் தூரமும் இரண்டு மடங்கு. ஆக, சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் நாலு மடங்காகிறது. ஒரு பக்கம் மேல் வரைக்கும் மண்ணோ தண்ணீரோ தேங்கி அழுத்தினால் இன்னும் மோசம். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதால் அது எட்டு மடங்கு. ஐந்தடிச் சுவரை இருபதடியாக்கினால் காற்றுக்கு 16 மடங்கு, தேங்கிய தண்ணீருக்கு 64 மடங்கு. செங்கல் எண்ணிக்கை நாலு மடங்கானால் போதும் என்று நினைக்கிறவர்தான் சுவரைக் கட்டுகிறார். நடுநடுவே தூண், அடியில் அகலமான அஸ்திவாரம், தண்ணீர் வடியத் துளை என்று எதுவும் இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் வெயில் காலம் முழுக்க ஜம்மென்று நிற்கும். மழைக்காலம்தான் அதற்குப் பரீட்சை.

2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூர். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்னால், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்து அதை ஒட்டி இருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் தலித்துகள். சுவரின் உயரம் சுமார் 20 அடி என்று செய்திகள் சொல்லின.

இருபதடி என்றால் இரண்டு மாடி உயரம். ஒரு வீட்டின் காம்பவுண்டு எதற்காக அந்த உயரம் போக வேண்டும்? திருடனுக்குப் பயந்தா? ஏழடிச் சுவரைத் தாண்டுகிற திருடன் அபூர்வம். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களைக் கண்ணில் படாமல் மறைக்கக் கட்டியது, அது தீண்டாமைச் சுவர் என்று அந்தக் குடியிருப்பு மக்களும் பல அமைப்புகளும் சொன்னார்கள். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டோம், யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார்கள். நீதி கேட்டுப் போராடியவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார், பிறகு ஜாமீனில் வந்தார். அரசு நிவாரணம் அறிவித்தது. பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதின.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது ஆபத்து என்று தெரிந்திருந்தது. தினமும் அதன் நிழலில் படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியாதா? ஈரம் ஏறுவதும் கல் பிதுங்குவதும் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். இஞ்சினியருக்கு முன்னால், அதிகாரிக்கு முன்னால், ஏன், சுவர்க்காரருக்கு முன்னாலேயே தெரியும். அவர் பக்கம் செடியும் புல்லும் இருக்கும். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்த அலுவலகத்துக்கும் கட்டாயம் இல்லை. மனு கொடுக்கலாம். மனு ஒரு ஃபைலில் இருக்கும்.

நடூர் ஒன்றுதான் என்று நினைத்தால் தவறு. 2014 ஜூலையில் சென்னைக்கு வடக்கே செங்குன்றம் பக்கம் உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து குடிசைகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 11 கட்டடத் தொழிலாளர் குடும்பத்தார் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பரபரப்பில் இந்தச் சுவர் மறந்தே போனது. அடுக்குமாடிக்கு விசாரணை, கமிஷன், புது விதி எல்லாம் வரும். சுவர்தானே!

இனி எதிர்ப்பக்க வாதம். "அனுமதி என்று ஒன்றை வைத்தால் லஞ்சம் இன்னொரு இடத்தில் முளைக்கும். பாவப்பட்டவன் நாலு கம்பு நட்டு வேலி கட்டினாலும் வசூலுக்கு வந்து நிற்பார்கள்." இது வெறும் பயம் அல்ல, நிஜம்தான். அதனால் எல்லா வேலிக்கும் அனுமதி என்று கேட்பவர்களோடு ஒத்துப்போக முடியாது. கிளுவை வேலி, முள்கம்பி, தென்னங்கீற்றுத் தட்டி, இடுப்புயரச் சுவர் இவற்றுக்கெல்லாம் ஒரு காகிதமும் தேவை இல்லை. இங்கிலாந்தில் சாலையை ஒட்டி ஒரு மீட்டர், மற்ற இடங்களில் இரண்டு மீட்டர் வரை வேலியோ சுவரோ எழுப்பப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் போனால்தான் விண்ணப்பம். அந்த மாதிரி ஒரு வரம்பைப் பளிச்சென்று எழுதி வைத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் அலுவலகப் பக்கமே வர வேண்டியதில்லை.

மிச்சம் உள்ள அந்த ஒருவருக்கு மட்டும் விதி கடுமையாக இருக்கட்டும். ஆளுயரத்தைத் தாண்டினால், அல்லது ஒரு பக்கம் மண் நிரப்பினால், இஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பருவமழைக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுய சான்று முறையில் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வீட்டுக்கே அலைச்சலைக் குறைக்க முடிந்தவர்களுக்குச் சுவர் பெரிய விஷயம் இல்லை. ஆனால் சுய சான்று என்பது கட்டுகிறவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. சுவருக்கு அது மட்டும் போதாது.

பக்கத்து ஆளுக்குச் சொல்லிவிட்டுக் கட்டு என்பது ஒன்றும் உலகத்தில் இல்லாத புதுமை அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர் சட்டப்படி எல்லைக் கோட்டில் புதிதாகச் சுவர் எழுப்ப வேண்டுமானால் பக்கத்து உரிமையாளருக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எல்லை வேலிச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றால் 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வேலி எதற்கு, என்ன மாதிரி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பத்தடிக்கு மேல் வீம்புக்குக் கட்டிய வேலி சட்டப்படி தொல்லை என்று கணக்கு. அந்த மாநிலத்தில்தான் 1870-களில் ரயில்வே கோடீஸ்வரர் சார்லஸ் கிராக்கர், தன் மாளிகைக்குப் பக்கத்தில் வீட்டை விற்க மறுத்த ஒரு சாதாரண ஆளின் வீட்டை மூன்று பக்கமும் சுமார் 40 அடி உயர மரவேலி போட்டு மறைத்தார். வெயிலே படாமல் போன அந்த வீட்டைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவில் கூட்டம் கூடியதாம். பணக்காரன் வீம்புக்கு எல்லா ஊரும் ஒன்றுதான் போல.

நம் ஊரில் இதைச் செய்வது அதைவிடச் சுலபம். எந்தக் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் காலி மனை, தெற்கே பொதுப்பாதை, மேற்கே வாய்க்கால் என்று. யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியல் பத்திரத்திலேயே இருக்கிறது. அனுமதி விண்ணப்பத்தில் அந்த நாலு வரியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தகவல் கொடுத்த தேதி", "அவர் சொன்னது" என்று இரண்டு கட்டம் போட்டால் முடிந்தது. அவர் சம்மதம் தர வேண்டும் என்பதில்லை. சும்மா முட்டுக்கட்டை போடுகிறவர்களும் உண்டு. அவர் சொன்னதற்கு அனுமதி கொடுப்பவர் எழுத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்குச் சுவர் விழுந்தால் அந்தப் பதிலுக்குக் கீழே யார் கையெழுத்து என்று பார்க்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. புறம்போக்கில் இருபது முப்பது வருடமாகக் குடியிருப்பவர்களின் பெயர் யாருடைய பத்திரத்திலும் வராது. "மேற்கே புறம்போக்கு" என்று ஒற்றை வார்த்தைதான் வரும். அந்த ஒற்றை வார்த்தைக்குள் பதினைந்து குடும்பம் இருக்கலாம். உயரச் சுவர்களின் அடியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அதனால் கடிதம் அனுப்புவதோடு நிறுத்தாமல், சுவர் எழும்பப்போகும் இடத்திலேயே ஒரு பலகை வைக்க வேண்டும். இவ்வளவு உயரம், இவ்வளவு நீளம், இஞ்சினியர் யார், ஆட்சேபணை இருந்தால் எந்த நம்பருக்குச் சொல்லலாம் என்று தமிழில், பெரிய எழுத்தில். அந்தப் பலகை கட்டுகிறவரின் கேட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.